எப்படியும் இறங்கித்தானே ஆகணும்

14-7-97, திங்கள்

விடியும்போதே சாரல். சூலூர் பஸ் ஸ்டாண்டில் சேறு, ஊன்றுகோல் வழுக்கிக்கொண்டே இருந்தது. காலில் மாட்டும் காலிப்பரின் வார் அறுகிற மாதிரி இருக்கு. தைக்கக் கொடுக்கணும். கண்டக்டர்: "அம்மணிக்கு எடம் உடுங்க." மூன்று பேர் எழுந்தார்கள். எனக்கு ஒரு இடம் போதும்.

மத்தியானம், ஆபீசில் என் தபால் பிரிவுக்கு வெளியே டைப்பிஸ்ட் சரோஜா யாரிடமோ: "வெள்ளிக்கெழமை பிரமோஷன் இன்டர்வியூ. சீனியாரிட்டியில செல்விதான் மொதல்ல. மாடி ஏறோணுமே, பாவம். அவங்களுக்கு வேண்டாமாம்னு சூப்பிரண்டே மேல சொல்லிப்போட்டாருங்க."

எனக்கு வேண்டாமாம். எனக்கே இப்போதுதான் தெரியும்.

15-7, செவ்வாய்

சூப்பிரண்டிடம் கேட்டேவிட்டேன். நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவு. மழை பெய்தால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து போகிறவர். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்னுதான்..."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டா சங்கடப்படுவீங்கன்னு பார்த்தேன்."

ஊனத்தைச் சொல்லி பிரமோஷனை மறுக்கக் கூடாது என்று சட்டமே வந்திருக்கு என்றேன். "நானும் பேப்பர்ல படிச்சேனுங்க. மாடிப்படிக்குத் தெரியுமுங்களா?" கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். என் பெயரைத் திரும்பச் சேர்க்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

16-7, புதன்

தூக்கம் சரியில்லை. வார் தைத்தாச்சு. வாங்க: சோப்பு, தைலம், ரீஃபில்.

சூப்பிரண்டின் புது ஏற்பாடு. பியூன்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு மாடிக்குத் தூக்குவார்களாம். நாலு பேர் தூக்குவது கடைசியில் ஒரு தடவை போதுமுங்க என்றேன். முகம் சுண்டிப்போனது. இன்டர்வியூவைக் கீழே வைக்கலாமே என்றால், "பெரிய ஆபீசரைக் கீழ வாங்கன்னு எப்படீங்க சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா?"

என் மரியாதை?

அம்மா: "உட்டுத்தள்ளு கண்ணு. உக்காந்த எடத்துல சம்பளம் வருதில்ல." அம்மாவோடு பேச்சில்லை.

17-7, வியாழன்

ஆடி ஒன்று. பேய்க்காற்று. வேலை ஓடவில்லை. ஸ்டாம்ப் ஒட்டின கவரிலேயே திரும்ப ஒட்டினேன். சரோ.: "அழுதீங்களா?" இல்லை. கோபத்திலும் கண் சிவக்கும்.

தட்டுத்தடுமாறி ஏறிவிடலாமா? ஒரு நாள் ஏறினால் தினமும் ஏறச் சொல்வார்கள். மாட்டேன்.

18-7, வெள்ளி

நீலப் புடவை. மாடிப்படி அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் பியூனிடம், "வந்தாச்சு, கீழ இருக்கேன்னு சொல்லுங்க." பதில் இல்லை. மற்றவர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். என்னைப் பார்க்காமல் பதவிசாக ஒதுங்கிப் போனார்கள். பாத்ரூம் போகவும் பயம். அந்த நேரம் பார்த்து ஆபீசர் போய்விட்டால்? ஜீப் வாசலில்தான் நின்றது. வீட்டுக்குப் போக எப்படியும் இறங்கித்தானே ஆகணும்.

சாயங்காலம் இறங்கினார். பின்னால் சூப்பிரண்டு. எழுந்து நின்றேன்.

"இன்டர்வியூவுக்கு வந்திருக்கேனுங்க சார்."

ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வரலைன்னாங்களே. கீழ இருக்கீங்கன்னு சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனுங்க." சூப்பிரண்டு தரையைப் பார்த்தார். மரியாதைக்குறைவு என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை!

நாற்காலிக்கு ஓடினவர்களை நிறுத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"வேலையெல்லாம் மாடியிலதானுங்க. எப்படிச் செய்வீங்க?"

"நீங்க எறங்கி வந்தீங்களே சார், அப்படியே ஃபைலும் வரட்டுமுங்க."

சிரித்துவிட்டார். அப்புறம் ஆபீஸ் விதிகளில் கேள்விகள். ஒன்றுக்குத் தடுமாறினேன். அது இன்னும் அரிக்கிறது. முடிவு அடுத்த வாரம்.

கிளம்பும்போது தூறல். சூப்பிரண்டு குடையோடு பின்னால் வந்தார், நீட்டவில்லை. ரொம்பத் தயங்கி, "ஆர்டர் வந்துச்சுன்னா, கீழ உங்க மேசையை எங்கங்க போடறது?"

என்னைக் கேட்கிறார்.

யோசிச்சுச் சொல்றேனுங்க என்றேன். ஜன்னலோரம்.