அப்பாவின் தம்பி மாமா இல்லை

பிப்ரவரி 11

மருந்துக்கடையில் காலையில் கூட்டமே இல்லை. வீணாய்ப்போன பில் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 3, 7, 15, 31. அடுத்தது 63. இரட்டித்து ஒன்றைக் கூட்டு, அவ்வளவுதான். இதெல்லாம் பல் தேய்க்கிற மாதிரி. எனக்குப் பிடித்தது எழுத்து மாற்றுதான். ஒவ்வொரு மெய்யும் அதற்கடுத்த மெய்யாக மாறும் என்றால் 'கடல்' என்பது 'ஙணவ்'. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாத்திரை வாங்க வந்த பெரியவர், "என்னம்மா, தொண்டை கட்டியிருக்கா? நீயே ஒரு மாத்திரை போட்டுக்கயேன்" என்கிறார்.

துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே விண்ணப்பித்திருக்கிறோம். பரீட்சை அடுத்த மாதம். அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்று வெளியே சொல்கிறார். பயம் என்பது எனக்குத் தெரியும். போன வருடம் கூட வேலை செய்தவருக்கு இரண்டு விரல் போனது. எனக்கோ, கடைக்காரர் தன் மருமகளைக் கல்லாவில் உட்கார வைக்கப்போகிறார். நேரடியாகச் சொல்லவில்லை. "பொண்ணு வீட்ல சும்மாத்தான் இருக்கு" என்று மட்டும் அடிக்கடி சொல்கிறார்.

பிப்ரவரி 19

நேற்று அவருக்கு வட்ட மேசைக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். எட்டுப் பேர், யார் யாருக்கு எதிரே, யார் யாருக்கு இடப்பக்கம். தாளில் வரைந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. எட்டு டம்ளரை எடுத்துவந்து தரையில் வட்டமாக வைத்தேன். "உறுதியா தெரிஞ்சவனை மொதல்ல உட்கார வைங்க. 'இருக்கலாம்'னு வர்றவனெல்லாம் வாசல்லயே நிக்கட்டும்." சிரித்தார். பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது.

இன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். அதே எட்டு டம்ளர், அதே வட்டம். "இதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன்டா. உறுதியா தெரிஞ்சவனை மொதல்ல உட்கார வை..." நான் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மூளைண்ணா உனக்கு!" என்கிறான் தம்பி.

வச்சிருக்காராம். எங்க வச்சிருக்காரு? டூல் பாக்ஸ்லயா?

மார்ச் 2

அத்தை கேட்டார்: "அவன் படிக்கிறான் சரி. நீ எதுக்கும்மா கூடவே முழிச்சுக் கெடக்கற?" மாமியாருக்கு நானும் பரீட்சை எழுதுகிறேன் என்பது மூன்றாவது முறையாக மறந்துபோயிருக்கிறது.

மார்ச் 15

எழுதி முடித்தாயிற்று. அவர் ஆங்கிலத் தாள், நான் தமிழ்த் தாள். எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவர்களேதான் சொன்னார்கள்.

பொது அறிவில் சறுக்கல். தர்க்கப் பகுதியில் பறந்தேன் — முப்பத்தேழாவது கேள்வி வரைக்கும். அதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

'க' என்பவர் 'ச'வின் தந்தையுடைய சகோதரர். 'ச'வும் 'ட'வும் உடன்பிறந்தவர்கள். எனில் 'ட'வுக்கு 'க' என்ன உறவு? (அ) மாமா (ஆ) தாத்தா (இ) மைத்துனர் (ஈ) இவற்றில் எதுவுமில்லை.

இரண்டு முறை படித்தேன். அப்பாவின் அண்ணன் என்றால் பெரியப்பா, தம்பி என்றால் சித்தப்பா. இரண்டும் இல்லை. அப்படியானால் (ஈ). பேனாவை வைக்கப் போகும்போது பொறி தட்டியது. மூலத்தில் 'அங்கிள்' என்று இருந்திருக்கும். எவரோ ஒரு புண்ணியவான் அதை 'மாமா' ஆக்கியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டிய விடை (அ)வாகத்தான் இருக்கும்.

யோசித்தேன். நிறைய நேரம் யோசித்தேன். என் கையில் இருப்பது தமிழ்த் தாள். என்னைத் தமிழில் கேட்கிறார்கள். அப்பாவுடன் பிறந்தவரை மாமா என்று தமிழில் நான் எப்படி எழுதுவேன்? (ஈ) போட்டேன்.

வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன். "எனக்கு அங்கிள்னே இருந்துச்சு. டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்" என்றார்.

"அவங்க எதை நெனச்சிருப்பாங்கன்னு உனக்குத் தெரிஞ்சுதுதானே?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அதைப் போடல?"

இந்தக் கேள்விக்கு நால்வகை விடையில் எதுவும் பொருந்தாது.

ஏப்ரல் 8

பட்டியலும் விடைக்குறிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. தேர்வு வரம்பு எழுபத்தொன்று. அவர் எழுபத்தொன்று. நான் எழுபது.

37 — (அ).

வீடு முழுக்கச் சிரிப்பும் தொலைபேசியும். அத்தை அழுதேவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. இனி அவர் அந்த லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். ஆனால் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போதும் மனசுக்குள் அந்த மார்க்குதான் ஓடியது. ஒன்று. ஒரே ஒன்று. அதுவும் நான் தப்பாகப் போட்டதற்கு இல்லை, சரியாகப் போட்டதற்கு!

அந்த 37ஐக் கொழுந்தனிடம் காட்டினேன். எங்கள் மகளைக் கூப்பிட்டு, "ஏய், இனிமே என்னை மாமான்னு கூப்பிடு பாக்கலாம்" என்றான். அவள் ஆறு வயதுக்காரி. "உனக்கு என்ன ஆச்சு சித்தப்பா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குள் என் வேலை போய்க்கொண்டிருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஏப்ரல் 10

கடையில் அரை நாள் கேட்டுக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். விடையில் ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லலாம். மூன்றாவது மாடி, நீளமான நடை, கடைசியில் ஒரு அறை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த அதிகாரி ஒருவர். கேள்வியைக் காட்டினேன்.

"அங்கிள்னா மாமாதானேம்மா?"

"கேள்வியில அங்கிளே இல்லையே சார். 'தந்தையுடைய சகோதரர்'னு இருக்கு."

"ஆமா. அவரு அங்கிள். அங்கிள்னா மாமா."

"சார், உங்க அப்பாவுக்குத் தம்பி இருக்காரா?"

"இருக்காரு."

"அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"சித்தப்பான்னு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கீழே இறக்கினார். எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு சொன்னார்:

"அது வீட்லம்மா. இது பரீட்சை."

வீட்டில் ஒரு அப்பா, பரீட்சையில் வேறு அப்பாவா? சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறதாம். என் தாளில் ஆங்கிலமே கிடையாது என்றேன். இல்லாத வடிவத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? "ஒரு மார்க்குக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்.

"அந்த ஒரு மார்க்காலதான் சார் நான் வெளியில நிக்கறேன்."

"எழுதிக் குடுங்க. கமிட்டி பாக்கும்."

இத்தனைக்கும் மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதுதான் இன்னும் எரிகிறது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 12

வீட்டில் பெரிய சண்டை.

ஆரம்பித்துவைத்தது கொழுந்தன். கெட்ட எண்ணத்தில் இல்லை. "அண்ணி, ஒண்ணு யோசிச்சீங்களா? அவங்க ஈ-ன்னு மாத்த மாட்டாங்க. கேள்வியையே தூக்கிடுவாங்க. தூக்கினா அதுல மார்க் வாங்கின எல்லாருக்கும் ஒண்ணு கொறையும். அண்ணன் விளிம்புல நிக்கறான்."

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். நாளெல்லாம் தர்க்கம் தர்க்கம் என்று அலைகிறவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? வரம்பும் சேர்ந்து இறங்கும், அவர் இருக்கிற இடத்திலேயே இருப்பார் என்றேன். "இறங்கும். ஆனா எழுபதுல இருந்தவங்களும் அதே வரிசைக்கு வந்துடுவாங்க. அப்புறம் தர்க்கப் பகுதியில யாரு அதிகம்னு பாப்பாங்க" என்றான். அவருக்குத் தர்க்கத்தில் எவ்வளவு என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

அத்தை விசும்ப ஆரம்பித்தார். "வீட்டுக்கு ஒரு வேலை வந்துடுச்சு. அது போதாதா உனக்கு? உன் கையாலயே அவன் சோத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

வீட்டுக்கு ஒன்று போதும். சரி அத்தை. அந்த ஒன்று ஏன் எப்பவும் அவரோடதா இருக்கணும்? கேட்டுவிட்டேன். இந்த வீட்டில் இதுவரை இப்படிப் பேசியதில்லை.

கடைசியில் அவர், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் தெனமும் எங்க இறங்கறேன்னு உனக்குத் தெரியும்ல."

தெரியும். அதனால்தானே இவ்வளவு கஷ்டம். "எழுதாதே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 13

கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம். நான் கேட்டது இதைத்தான்: தமிழ்த் தாளில் தமிழின்படி எது சரியோ அதைச் சரி என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களின் மதிப்பெண்ணைத் தொட வேண்டாம் என்றும் தனியாக எழுதினேன். அதற்குக் கீழே கோடும் போட்டேன்.

ஏப்ரல் 30

கடையில் இன்று கடைசி நாள். கல்லாச் சாவியைக் கடைக்காரரின் மருமகளிடம் கொடுத்தேன். எது எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அவள் மேல் என்ன கோபம் எனக்கு?

மே 19

அறிவிப்பு வந்தது.

'நிர்வாகக் காரணங்களால் 37ஆம் கேள்வி இரு மொழித் தாள்களிலிருந்தும் நீக்கப்படுகிறது.'

நிர்வாகக் காரணமாம்! பிழை என்று ஒரு சொல் இல்லை. மொழிபெயர்ப்பு என்று ஒரு சொல் இல்லை. அப்பாவின் தம்பி சித்தப்பா என்று ஒத்துக்கொள்ள ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் கோடு போட்டுக் காட்டியதை யாராவது படித்தார்களா? கேள்வியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

புது வரம்பு எழுபது. அதில் நிறையப் பேர் ஒன்றாக நின்றதால் தர்க்கப் பகுதியை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். என் எண் உள்ளே. அவர் எண் இல்லை.

பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். இல்லை.

மே 20

வீட்டில் மகள் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மே 23

அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "புடுங்கிக்கிட்டா."

இல்லை. நான் பிடுங்கவில்லை. என் எழுபது என் எழுபதாகவே இருந்தது, ஒரு மார்க் கூடவில்லை. தப்பாகக் கேட்டவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தப்பை மறைத்தவர்களும் இருக்கிறார்கள். திட்டு வாங்க வேண்டியவர்கள் மூன்றாவது மாடியில் இருக்க, இந்த வீட்டுக்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கிறோம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அத்தையிடம் சொன்னேன். அத்தை பருப்பு ஆய்வதை நிறுத்தவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

மே 27

அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கையில் புதுச் சிராய்ப்பு. மருந்து போடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார். பிறகு தானே நீட்டினார்.

"நான் எழுதாம இருந்திருக்கணுமா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். "இருந்திருந்தா உன் மூஞ்சியை நான் எப்படிப் பாத்திருப்பேன்னும் தெரியல."

ஜூன் 2

வேலையில் முதல் நாள். சரக்குப் பதிவுப் பிரிவு. ஜன்னலுக்கு வெளியே பெட்டி மேல் பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். மேசையில் இழுப்பறை திறக்கவில்லை. பக்கத்து மேசை அம்மாள் முழங்காலால் ஒரு இடி இடித்தார், திறந்துகொண்டது.

காலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு இன்று பிற்பகல் முறை. தூங்கியிருக்கலாம். எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு என்னுடன் நடந்து வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எனக்கு இன்னும் கோபம் தீரல" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன்.

"யார் மேல?"

"உங்களுக்கு யார் மேல?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. என் பை அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.