வீட்டில் ஒரு சுவிஸ்

நேற்று ஜான்-டலோன் சந்தையில் ஒருவர் பச்சைக் கச்சான் கடலையைச் சாக்கிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார். அந்த மண்வாசனை பட்டதும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது, அண்ணை. நீங்கள் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது கோடை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு பங்குனியில், கியூபெக்கில், லாசாலில் நாங்கள் இருந்த கீழ்த்தள வீட்டுக்கு வந்தீர்கள். சுவிசில் உங்கள் அகதி வழக்குத் தள்ளுபடியாகியிருந்தது. வேறு யாருடையவோ கடவுச்சீட்டில் இங்கே வந்திறங்கியிருந்தீர்கள். இங்கே வழக்குப் பதியவும் பயம். “சுவிசில இருந்தது தெரிஞ்சால் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்.” வாசல்படி தாண்டமாட்டீர்கள். யன்னல் சீலையை விலக்க விடமாட்டீர்கள். தபால்காரரின் காலடியிலும் ஐயம். என் கணவர் தொலைபேசியில் குரல் தாழ்த்திப் பேசினால், “ஆரோட கதைச்சவர்?” என்று பேந்து என்னிடம் கேட்பீர்கள்.

ஆனி மாதம் பின்வாசல் படியில் பூனை ஒரு சிப்மங் குஞ்சைப் போட்டுவிட்டுப் போனது. முதுகில் கோடு கோடாய் உள்ளங்கையளவு அணில். காயத்தைக் கழுவி, துணி நனைத்துப் பால் கொடுத்து அதைப் பிழைக்க வைத்தீர்கள். இங்கே ஆண்டுக்கொருமுறை ஊரெல்லாம் ஒன்றாய் வீடு மாறும் நாளில் தெருவோரம் கிடந்த பறவைக் கூண்டொன்றை என் கணவர் எடுத்துவந்தார். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “நல்ல கூட்டை ஏன் எறிஞ்சவங்கள்?”

அணில் கச்சானை விழுங்காமல் கன்னம் புடைக்க அடைத்துக்கொள்ளும். “ஆள் பதுக்கிறார். இவருக்கும் ஒருத்தரிலயும் நம்பிக்கை இல்லை” என்று சிரித்தீர்கள். இந்த நாட்டில் நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆவணியில் கட்டடத்தைப் பராமரிக்கும் கிழவர் படிக்கட்டில் என்னை மறித்தார். “மடாம், வீட்டில் ஒரு சுவிஸ் வைத்திருக்கிறீர்களாம். இங்கே அது கூடாது” என்றார் பிரெஞ்சில். சுவிசிலிருந்து வந்த உங்களைத்தான் சொல்கிறார். உள்ளே ஓடிவந்து சொன்னேன். நீங்கள் உடனே பையை எடுத்து உடுப்பை அடைக்கத் தொடங்கினீர்கள்.

“உன்ர மனிசன்தான் சொல்லியிருக்கிறான். வேற ஆருக்குத் தெரியும்?”

“அண்ணை, அந்த மனிசன் உழைக்கிற சோத்தைத்தானே சாப்பிடுறியள்?”

“அதுதான் சொல்லுறன். அவருக்கு நான் பாரம்.”

எங்கே போவீர்கள் என்று கேட்டேன். பையின் வாரை இழுத்து இறுக்கினீர்கள். நான் கிழவரின் கதவைத் தட்டி, தெரிந்த பிரெஞ்சில் கெஞ்சினேன். நல்ல ஆள், சத்தமே இல்லை, போக வேறு இடமில்லை என்றேன்.

“கடிக்காதா?” என்று கேட்டார் கிழவர்.

நான் விழித்தேன். அவர் இரண்டு கன்னத்தையும் ஊதி, முதுகுப் பக்கம் விரலால் கோடு இழுத்து, முன்பல்லால் கொறித்துக் காட்டினார். கியூபெக்காரர் சிப்மங்கைச் சுவிஸ் என்றுதான் சொல்வார்களாம். காட்டுப் பிராணியை அடைத்து வைக்கக் கூடாது, கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார்.

நீங்கள் நம்பவில்லை. “என்னை வெளியில வரப்பண்ணத்தான் இந்தக் கதை” என்றீர்கள். ஆனால் பின்னேரம் என் கணவர் வேலையால் வந்தபோது அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு எழுந்துபோய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தீர்கள்.

“நான்தான் கொண்டுபோவன்” என்று ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தைப் போட்டீர்கள். கூண்டை என் சால்வையால் மூடி, யார் பின்னால் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தீர்கள். மரங்களடியில் கூண்டைத் திறந்தும் அது வரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு ஒரே ஓட்டம்.

அப்போதுதான் நிமிர்ந்தீர்கள். “இதென்ன ஆறு?”

நம் தெருமுனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடிய சென் லோரன்சை அன்றுதான் கண்டீர்கள். “இவ்வளவு பெரிசோ?” என்று கரைக் கல்லில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

அடுத்த கிழமை, வழக்கறிஞரிடம் கூட்டிப்போகச் சொன்னீர்கள். சுவிஸ் விடயத்தை நீங்களே சொன்னீர்கள். உங்கள் வழக்கை ஏற்றுக்கொள்ளச் சில வருடம் பிடித்தது. பிறகு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை செய்தீர்கள். ஐயம் மட்டும் போகவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரித் தாதி தந்த குளிசையையும் என்னிடம் காட்டித்தான் விழுங்கினீர்கள்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போதும், அண்ணை. பின்னால் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.