அண்ணனுக்கு விட்ட வீடு

நெய்யாஃபு, வவாவு தீவு
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்

என் செல்ல மகள் லெசியேலிக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மனாசே அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்திலும் மாலை ஜெபத்திலும் உங்கள் பேரைச் சொல்லாமல் நான் முழங்காலிலிருந்து எழுந்திருப்பதில்லை. எப்போதும் போனில் பேசுகிறவள் இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய், போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நீயோ நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு இருக்கிறது அம்மா என்று வைத்துவிடுகிறாய், இதுவோ பத்துப் பேர் காது கேட்கப் பேசுகிற விஷயமில்லை. தன் தங்கை மகன் கல்யாணத்துக்கு வந்த சிட்டிவேனி மாமா வியாழக்கிழமை நீங்கள் இருக்கிற டனீடினுக்குத் திரும்புகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, பெண் வீட்டார் கொண்டுவந்த பாய்களை விரித்துக் காட்டவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது, விருந்துக்கு நம் வீட்டுப் பன்றி இரண்டு போனது, மூன்றாவது தப்பித்து வாத்தியார் தோட்டத்தில் புகுந்து கிழங்கையெல்லாம் கிளறிவிட்டது, வாத்தியார் மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. திமிங்கிலங்கள் வந்துவிட்டன, அதனால் படகுக்கு வேலை இருக்கிறது, அப்பாவுக்குப் பகல் முழுக்கக் கடல், சாயங்காலம் ஆண்களோடு உட்கார்ந்து காவா வேர்ச்சாறு. அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் எதிர்வீட்டு லோசா ஓடிவந்து, அத்தை, உங்க லெசியேலி அவ படிக்கிற இடத்தோட இணையப் பக்கத்துல எழுதியிருக்கா, போட்டோவோட வந்திருக்கு என்று போனை நீட்டினாள். பெருமை தாங்காமல் பாய் முடைகிற பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ ஆங்கிலத்தில் எழுதியதை அவளை நம் பேச்சில் சொல்லச் சொன்னேன். ஒரு மாணவியின் அன்றாடம் என்று தலைப்பாம். இருட்டு விலகுவதற்குள் எழுந்துவிடுவாயாம், பூங்காவைச் சுற்றி ஓடுவாயாம், பிறகு வெறும் காப்பியாம். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், நாய் துரத்தாமலே ஓடறாளா உன் பொண்ணு என்றாள் ஒருத்தி, நானும் சிரித்தேன். நூலகத்தில் மூன்றாவது மேசைக்குக் கீழே சூடு வருகிறது, அதுதான் என் இடம் என்று எழுதியிருக்கிறாய், அங்கே இருக்கிற காவலாளிக்கு உன் பேர் தெரியுமாம், மூடுகிறபோது கடைசியாக நீதான் எழுந்து போவாயாம், மத்தியானம் வாங்கிய ரொட்டியில் பாதியை அப்போது படிக்கட்டில் நின்று தின்பாயாம். அப்புறம் உன் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டதற்கு, நடந்து போகிறபோது மற்றவர்கள் வீட்டு ஜன்னல்களைப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறாய், திரை போடாத ஜன்னலுக்குள் யாராவது சமைப்பதையோ குழந்தைக்குத் தலை சீவுவதையோ பார்த்தால் அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்று. மற்றப் பெண்கள் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்றார்கள். நான் மட்டும் அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். தலைக்கு மேல் கூரை இருக்கிற பெண் எதற்கு ஊரார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், நின்றுகொண்டு எதற்குச் சாப்பிட வேண்டும் என்று அன்றையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பாய் முடையும்போது கை எங்கேயோ போய் இரண்டு வரிசை பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

அந்த யோசனையே அடங்கவில்லை, அதற்குள் வெள்ளிக்கிழமை காவா குடிக்கிற இடத்தில் சிட்டிவேனி மாமா அப்பாவிடம் இன்னொன்றைச் சொல்லிவிட்டார். அவர் டனீடினில் விளையாட்டு மைதானம் வழியாக வேலைக்குப் போகிறபோது மனாசேயின் காரைப் பார்த்திருக்கிறார், உள்ளே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆள் தூங்குகிறது, ஒருநாள் இல்லை, பலநாள் பார்த்தாராம். கண்ணாடியைத் தட்டினால் வேலைக்குச் சீக்கிரம் வந்துட்டேன் மாமா என்று சிரித்தானாம், சிரிப்பு முடிவதற்குள் இருமலாம், இருமி முடிக்க அவ்வளவு நேரம் ஆனதாம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அத்தனை பேர் நடுவில், ஏன்பா உன் பொண்ணு அண்ணனை வெளிய தள்ளிட்டாளா என்று கேட்டுவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து மரியாதைக்கு இடுப்பில் சுற்றுகிற பாயை அவிழ்த்து மூலையில் எறிந்தார், அவர் அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை. அவ வீட்ல யாரையோ கொண்டுவந்து வெச்சிருக்கா, இல்லேன்னா இவன் குடிச்சிட்டு உள்ள வரப் பயந்து கிடக்கறான், ரெண்டுல ஒண்ணு, ரெண்டு பேரையும் டிசம்பருக்குள்ள கூப்பிட்டுக்கறேன், படிச்சது போதும் என்றார். நான் அந்தப் பாயை எடுத்துச் சுருட்டி வைத்தேன். என் பிள்ளைகளை எனக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பயந்துகொண்டிருந்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் அப்பா படகை எடுத்துப் போன பிறகு மனாசேக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினான். நீ சொல்லலேன்னா நானே சீட்டு வாங்கிட்டு வந்து காருக்குள்ள உன் பக்கத்துல உட்காருவேன் என்றேன், அதற்கப்புறம்தான் சொன்னான். உங்களோடு இருந்த கலோலைன் அத்தை ஆக்லாந்துக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனதிலிருந்து அவன் ராத்திரி வீட்டுக்குள் தூங்குவதில்லையாம். அந்த வீட்டுல முன்னறையைத் தாண்டாம குளியலறைக்குப் போக முடியாதும்மா, நான் அங்க படுத்துக் கிடந்தா அவ எப்படிக் குளிச்சிட்டு வருவா, எப்படித் தலை துவட்டுவா, படிக்கிற பொண்ணு வீட்டுல காலை நீட்டி உட்கார வேண்டாமா, அத்தை இருந்தா சரி, இப்ப நாங்க ரெண்டு பேர் மட்டும்தானே, அதான் அவளுக்கு விட்டுட்டேன் என்றான். சாப்பாடு என்றேன், அவ காலையில கிளம்பினதும் உள்ள போய்க் குளிச்சு, சட்டியில இருக்கறதைச் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போயிடுவேன் என்றான். குளிரவில்லையா என்றேன், ரெண்டு போர்வை இருக்கு, கண்ணாடியில உள்பக்கமே பனி பிடிச்சுக்குது, அதைச் சுரண்டறதுதான் காலையில முதல் வேலை என்று சிரித்தான், உடனே அந்த இருமல், நானே கேட்டேன் மகளே, சின்ன வயதில் நெஞ்சுச் சளியோடு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றபோது கேட்ட அதே இருமல். சரி, தங்கச்சி சாயங்காலம் வீட்டுல என்னடா பண்றா, வெறுங்காப்பி குடிக்கிறாளே, சமைச்சு நல்லா சாப்பிடறாளா என்று கேட்டேன். எனக்கு எப்படிம்மா தெரியும், நான்தான் அந்தப் பக்கமே போறதில்லையே, தெருமுனையில வந்து பார்ப்பேன், முன்னறையில விளக்கு எரியும், சரி அவ உள்ள இருக்கா, நல்லா இருக்கான்னு திரும்பிடுவேன் என்றான்.

லெசியேலி, அந்த நேரத்தில் நீ நூலகத்தில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த விளக்கை நீதான் அண்ணன் இருட்டு வீட்டுக்கு வரக் கூடாதே என்று போட்டுவிட்டுப் போகிறாய், இல்லையா. அவன் வேலை முடிந்து வந்து டிவி பார்க்கட்டும், நாம் நடுவில் நின்று சங்கடப்படுத்தக் கூடாது என்று நூலகத்துக்குப் போகிறாய், தெருத் தெருவாக நடக்கிறாய், அவன் தூங்கியிருப்பான் என்று கணக்குப் போட்டு, முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பாமல், பின்கதவு வழியாக உன் அறைக்குள் நுழைந்துகொள்கிறாய், அவன் கண்விழிக்குமுன் சட்டியில் சமைத்து வைத்துவிட்டு ஓடிவிடுகிறாய், குளிப்பதும் படிக்கிற இடத்தில்தான் போலிருக்கிறது. சட்டி காலியாக இருப்பதைப் பார்த்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான் என்று நீ நிம்மதியாக இருக்கிறாய், விளக்கு எரிவதைப் பார்த்து நீ வீட்டில் இருப்பதாக அவன் நிம்மதியாக இருக்கிறான். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல. வாடகை கொடுத்து, சூடு போட்டு, சாயங்காலம் முழுக்க அந்த வீட்டில் யாருமில்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, என் பிள்ளைகளில் ஒன்று படிக்கட்டில் நின்று ரொட்டி தின்கிறது, ஒன்று காருக்குள் இருமிக்கொண்டு கிடக்கிறது.

நான் உங்களைத் திட்டவில்லை. அண்ணனும் தங்கையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம், பன்னிரண்டு வயதில் அவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் பையன்கள் குடிசைக்குப் போனபோது நீ அழுதாய், அதற்குப் பிறகு ஒரே பாயில் நீங்கள் உட்கார்ந்ததில்லை, டிவியில் ஆணும் பெண்ணும் கையைப் பிடித்தால் உங்களில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவீர்கள். ஆனால் அதற்கெல்லாம் இங்கே இடம் இருந்தது மகளே, முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு குடிசை, நடுவில் ரொட்டிப்பலா மரம், இதை அண்ணனிடம் சொல் என்று ஓட ஒரு சின்னப்பிள்ளை. அங்கே அத்தை இருந்தவரை அவள் வாய்வழியாக எல்லாம் போய்வந்தது. அவள் போனதும் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச ஆளில்லை, நீங்களும் பேசவில்லை.

அவனை உள்ளே போய்ப் படு என்று நான் சொல்லாமல் விட்டிருப்பேனா. கெஞ்சினேன், திட்டினேன், அழவும் அழுதேன். அவ என் தங்கச்சிம்மா, அவ சொல்லாம நான் எப்படி உள்ள போய்ப் படுக்கிறது என்றான், அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. உன்னிடம் நான் பேசட்டுமா என்றால், வேண்டாம், அவ சங்கடப்படுவா, அத்தை வர்ற வரைக்கும் சமாளிச்சுக்கறேன் என்கிறான். அத்தை வர இன்னும் எத்தனை மாதமோ, அதற்குள் அந்த நெஞ்சு தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வைத்த கீரைப்பொட்டலத்தைப் பிரித்தேன், உள்ளே அவனுக்குப் பிடித்த மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும், என் பங்கை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நம் வழக்கத்தில் அண்ணனைவிடத் தங்கை உயர்ந்தவள், அப்பா சொல்லைத் தட்டினாலும் உன் சொல்லைத் தட்ட மாட்டான். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கு ராத்திரியே மைதானத்துக்குப் போ. அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், கண்ணாடியைத் தட்டி, வீட்டுக்கு வந்து படு என்று மட்டும் சொல். அதற்கப்புறம் நடுவில் பெரிய துணியாக ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், நான் சிட்டிவேனி மாமாவிடம் மரப்பட்டைத் துணி ஒரு பெரிய துண்டு கொடுத்திருக்கிறேன், முன்னறையின் அகலத்துக்குப் போதும், அதற்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நீ, குளிக்கப் போகுமுன் ஒரு தடவை செருமினால் போதும், அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். உனக்கு வெட்கமாக இருக்கும், அவனுக்கு உன்னைவிட அதிகமாக இருக்கும், இருக்கட்டும். பார்க்கிறவர்கள் மரியாதை தெரியாத பிள்ளைகள் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மரியாதை கொஞ்சம் குறைந்த இரண்டு பிள்ளைகள் எனக்கு இருக்கட்டும், இரண்டும் இருக்கட்டும், அது போதும்.

மறுநாள் காலையில் அவனை வைத்தியரிடம் அனுப்பு, வேலை போகும் என்பான், கேட்காதே. நீயும் உட்கார்ந்து சாப்பிடு. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், கோபம் தணிந்ததும் நடந்ததைச் சொல்வேன், கேட்டால் அவரும் அழுவார், பெருமையும் படுவார், எது முதலில் வரும் என்றுதான் தெரியவில்லை. ஆண்டவர் உங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலும் தம் கையை வைத்துக் காக்கட்டும், உன் படிப்பு நிறைவாக முடியட்டும், உன் நெற்றியிலும் அவன் நெற்றியிலும் அம்மாவின் முத்தம்.

ஒன்றை மறந்துவிடாதே. கண்ணாடியைத் தட்டும்போது அம்மா சொன்னாள் என்று சொல்லாதே, நான் சொல்லி அவன் வரவில்லை, நீயாகக் கூப்பிட்டால்தான் வருவான்.

உன் அம்மா
இலைசானே