நண்டு போட்ட சட்டை

அண்ணை,

இன்று காலை எங்கள் அணியின் பெரிய பையைத் திறந்ததும் காயு பூத்தே எண்ணெய் மூக்கில் அடித்தது. முழங்காலுக்குப் பூச நீங்கள் வைத்திருந்த இந்தோனேசிய எண்ணெய். போத்தல் மூடி இறுகவில்லை. உங்கள் கோல்கீப்பர் சட்டை முழுக்க ஊறிப்போய்க் கிடந்தது. உங்களை எரித்தது மாசிக் குளிரில். இப்போது ஆடி. இவ்வளவு நாளும் பையைத் திறக்க மனம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அலுப்பு.

லண்டனில், எட்மண்டன் டிப்போவில் பார்சல் ஏற்றும்போதுதான் பழகினோம். யுனிவர்சிட்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த என்னிடம் எல்லோரும் ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். நீங்கள் கேட்டது வேறு.

"தம்பி, நீ லெப்ட் விங்கோ?"

அதன் பிறகு ஒரே வான், ஒரே கதை. அவுஸ்திரேலியாவுக்கு என்று ஏறிய படகு பழுதாகி, சுமாத்திராக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் உங்களை இறக்கிய கதை. அகதி அட்டை கொடுத்து வருடக்கணக்கில் இருத்தி வைத்தார்கள். "வேலை செய்யக் கூடாது, படிக்கக் கூடாது. மட்ச் பாக்கக் கூடாது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்பீர்கள். அதனால் அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றீர்கள். கழகத்தின் பெயர் கெத்தாம். அவர்கள் பாஷையில் நண்டு.

டச்சுக்காரன் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் தொடங்கியது. பிறகு நகரசபை எடுத்து நடத்தியது. நன்றாக விளையாடுகிறவனுக்கு நகரசபையில் வேலை. "சென்டர் போர்வேர்ட் தண்ணி பில் கொண்டு வருவானடா. தோத்த கிழமையில சனம் கதவு திறக்காது." வெளியூர் அணி கல்லெறிக்குப் பயந்து பொலிசின் கவச வண்டிக்குள் இருந்துதான் மைதானத்துக்கு வரும் என்றீர்கள். நான் நம்பவில்லை. சிவப்பு லைட்டில் வானை நிறுத்திப் போனில் படம் காட்டினீர்கள். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்துத் தள்ளினான்.

கலியாணம் உங்களை லண்டனுக்குக் கொண்டு வந்தது. கலியாணம் நிலைக்கவில்லை, கழகம் நிலைத்தது. அதுவும் கொஞ்சக் காலம்தான். நகரசபை காசை நிறுத்த, ஒரு முதலாளி கழகத்தை வாங்கி, லீக்கில் அதற்கிருந்த இடத்தை ஜாவாவில் வேறொரு நகரத்துக்குக் கொண்டு போனார். பெயர் மாறியது. நிறம் மாறியது. வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டு பெல்லை அடித்துவிட்டு நிற்கும்போது உங்கள் போனில் அந்தச் செய்தி வந்தது. பார்சலைக் கொடுத்தீர்கள், தாங்க்யூ சொன்னீர்கள், வானில் ஏறி பெல்ட்டைப் போட்டீர்கள்.

"மைதானம் அங்கதான் கிடக்குது. கழகத்தைக் காணேல்லை."

அந்தக் கோடையில்தான் நண்டு போட்ட செம்மஞ்சள் சட்டைகளை அடித்து, டிப்போப் பெடியளைச் சேர்த்துக்கொண்டு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் எங்கள் ஊர்ச் சனம் ஆடிக்கு ஆடி நடத்தும் போட்டிக்கு வந்தீர்கள். அங்கே ஒவ்வொரு அணியும் ஊரிலுள்ள ஒரு கழகத்தின் பெயரில்தான் இறங்கும். மைக் பிடிக்கும் அங்கிள் உங்கள் சட்டையைப் பார்த்தார்.

"நண்டு எந்த ஊரடாப்பா?"

"நான் கனகாலம் இருந்த ஊர் அண்ணை. பிறந்த ஊரை விட."

ஒரு அணி குறைவாக இருந்ததால் விட்டார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் மைக்கில் அதே பகிடி. "நண்டுகள் வந்திட்டுதோ? பக்கவாட்டில ஓடாமல் நேர ஓடுங்கோ." கோலுக்குள் நின்று பெரிதாகச் சிரிப்பது நீங்கள்தான்.

போன கிழமை எட்மண்டனில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். புதுச் சட்டை, போகவர மினி பஸ், மத்தியானம் கொத்து ரொட்டி, எல்லாம் தருவாராம். அணிக்குக் கடையின் பெயரை வைத்தால் போதுமாம்.

"பேர்தானே தம்பி. விளையாடப்போறது நீங்கள்தானே."

பெடியளுக்குச் சரி. எனக்கும் பாதி சரி. சட்டைகள் அக்குளில் கிழிந்துவிட்டன. ஞாயிறு காலையில் ஒவ்வொருத்தனுக்கும் போன் அடித்து எழுப்புவது இப்போது நான். ஓம் என்றிருந்தால் சுகம்.

"ஏலாது அண்ணை," என்றேன்.

"ஏன்?"

"ஏற்கெனவே ஒருக்கா வித்திட்டினம்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் தெம்பில்லை. மூன்று பேர் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். எங்கள் பின்வரிசையில் நிற்கும் சுதன் முகத்துக்கு நேரே கேட்டான். "செத்த மனுசனுக்காகச் செத்த கிளப்பின்ர பேரைத் தூக்கிக்கொண்டு திரியிறியோ?" அவன் சொன்னதில் பிழையில்லை. கேட்டுவிட்டு, இன்று மைதானத்துக்கு எனக்கு முதலே வந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

கோலுக்கு ஆள் இல்லை. நான் நின்றேன். உங்கள் சட்டை தோளில் தொங்கியது, எண்ணெய் கண்ணை எரித்தது. மைக் அங்கிள் ஒவ்வொரு அணியாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்ததும் என் சட்டையைப் பார்த்தார். பகிடியை எதிர்பார்த்து நாலைந்து பேர் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"கெத்தாம் வந்திட்டுதோ?"

அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கையை உயர்த்தினேன்.

இரண்டு மட்சும் தோற்றோம் அண்ணை. இரண்டாவதில் கோல் விழுந்ததெல்லாம் என் காலுக்கு இடையால். நீங்கள் நின்றிருந்தாலும் விழுந்திருக்கும், உங்களுக்கும் குனிய வராது. பையை ட்ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் மணம் தாங்காமல் எழும்பிப் போய்விட்டாள்.

இப்போது அறை முழுக்க உங்கள் முழங்கால் மணம். சட்டைகளைத் தோய்க்க வேண்டும், அக்குளைத் தைக்கக் கொடுக்க வேண்டும். அலுப்பாக இருக்கிறது. நாளைக்குச் செய்கிறேன். அடுத்த ஆடிக்கும் இதே சட்டைதான்.