அண்ணனுக்கு வெட்டிய பெயர்

அக்டோபர் 29, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. குடை பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் போய் மாரிமுத்து கொத்தனார் வேலையைப் பார்த்தேன். அம்மா பெயருக்குக் கீழே அண்ணன் பெயர், சவரிமுத்து. எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது. ‘மு’ மட்டும் குண்டு. பரவாயில்லை, அவரும் குண்டுதான்.

ஞாயிறு கல்லறைத் திருநாள். அன்று மாலையே பங்குச் சாமியார் வந்து கல்லறையை மந்திரிக்கிறார். அண்ணனைப் பிரான்சில் எரித்திருந்தாலும் சாம்பலை முறையாக அடக்கம் செய்தால் போதுமாம்.

செய்ய வேண்டியது: சுண்ணாம்பு. மெழுகுவர்த்தி 2 பாக்கெட். சாமந்திக்குச் சொல்லி வைக்க. கிளேருக்குக் கொசுவலை.

அக். 30, வியாழன்

கிளேர் வந்துவிட்டாள். அண்ணனுக்கு ஒரே மகள். சென்னையிலிருந்து வழியெல்லாம் சாம்பலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். காபித்தூள் டப்பா மாதிரி ஒன்று, திருகு மூடி. பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு சொல்தாவாகப் போன ஆறடி மனுஷன் இதற்குள். மாதா படத்துக்கு முன்னால் வைத்தோம்.

தம்பி அந்தோணி டப்பாவைப் பார்த்துக்கொண்டே, “சாப்ட்டியாம்மா?” என்று கிளேரைக் கேட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் அவள், “அத்தை, அப்பா கல்லறை வேண்டாம் சொன்னாங்க. கடல்ல போடணும்.”

அந்தோணி குதித்தான். “அதெல்லாம் ஆவாதும்மா. கடல்ல தூவக்கூடாதுன்னு சாமியார் கண்டிப்பா சொல்லிட்டாரு. பேரு வெட்டியாச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. ஊரு சிரிக்கும்.”

நானும் அவன் பக்கம்தான் பேசினேன். கிளேர் சண்டை போடவில்லை. கொசுவலைக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

அக். 31, வெள்ளி

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

அந்தோணி போன பிறகு கிளேர் ஒரு தாளைக் கொடுத்தாள். மேலே பிரெஞ்சில் என்னென்னவோ. அடியில் தமிழில், அண்ணன் கையெழுத்து:

“அம்மா பக்கத்தில் எனக்கு இடம் இல்லை என்று தங்கச்சி சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் கடல்.”

சொன்னேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. அம்மா அடக்கத்துக்கு அவர் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். “அம்மா பக்கத்துல உங்களுக்கு எடம் கெடையாது, செத்தாலும் வந்துடாதீங்க” என்று போனில் கத்தினேன். அப்புறம் இரண்டு தடவை ஊருக்கு வந்தார். லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கினார். “ஒனக்கு எதுக்கும்மா செரமம்” என்றார். பணத்திமிர் என்று நினைத்தேன்.

பேசினோம், சிரித்தோம். அவர் மறந்துவிட்டார் என்றே இருந்தேன். பெயர் வெட்டச் சொன்னதுகூட ஒரு சமாதானத்துக்குத்தான். உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

கத்தரிக்காய் அரிந்தேன். ஒன்று சொத்தை.

பரவாயில்லை என்று அம்மா பக்கத்திலேயே வைத்துவிடலாமே என்று ஒரு மனசு. அப்படியானால் மறுபடியும் நானே முடிவு பண்ணுகிற மாதிரி. இந்தத் தடவையாவது அவர் சொன்னபடி நடக்கட்டும், கடல்தான்.

நவம்பர் 1, சனி

விடுதலை நாள், பிரெஞ்சுக்காரன் போன நாள். காரைக்கால் கடற்கரைச் சாலை முழுக்க போலீஸ், அணிவகுப்பு. அதனால் விடிந்ததும் ஆட்டோவில் பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக்கு. கிளேர் கடல் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அந்தோணியிடம் பொய். டப்பா ஜவுளிக்கடைப் பையில்.

மீன்கூடையோடு போன அம்மா ஒருத்தி, “அலை சரியில்ல, மொழங்காலுக்கு மேல போவாதீங்க” என்றாள்.

மூடி திறக்கவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினேன். கிளேர் குனிந்து கொட்டினாள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றது. அடுத்த அலையில் இல்லை.

“அண்ணே, எடம் இருக்குண்ணே. கோவத்துல சொன்னேன்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கிளேர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கும் ஒன்று வேண்டுமே. கரையோர மணலை டப்பாவில் நிரப்பினேன். அவள் மூடியைத் திருகினாள். வருகிற வழியில் இட்லி. நான்கு சாப்பிட்டாள், நான் ஐந்து.

நவ. 2, ஞாயிறு

மதியம் மழை, நாலு மணிக்கு விட்டது. கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். விழிதியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

மாரிமுத்து டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். “நல்ல கனமா இருக்காருக்கா.”

“ஆறடி மனுஷன்” என்றேன்.

அம்மா பக்கத்தில் வைத்துப் பூசினார். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அந்தோணி கல்லில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். “அண்ணே, வந்துட்டியாண்ணே!” என்றான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கிளேர் தலையைத் தூக்கவே இல்லை.

மெழுகுவர்த்தி நாலு மீதி. கிளேருக்குப் புதன்கிழமை பிளைட்.

சனிக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போக வேண்டும். சாமியாரை மணலுக்கு மந்திரிக்க வைத்ததை அவரிடமே சொல்ல வேண்டும். திட்டுவார், பரிகாரமாக நாலு செபம் சொல்லச் சொல்வார், முடிந்துவிடும். இன்னொன்றுதான் கஷ்டம். இத்தனை வருஷமாக சனிக்கிழமை தவறாமல் போயிருக்கிறேன், பாலில் தண்ணீர் ஊற்றினதைக்கூட சொல்லியிருக்கிறேன். போனில் கத்தியதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நியாயம்தானே பேசினேன் என்று இருந்துவிட்டேன்.