கருநீலக் கோட்டில் கறுப்பு நூல்

புதுச்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜூலியனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே லியோன் குளிரில் நீயும் மருமகள் சிந்தியாவும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் பேசினால் பக்கத்தில் உன் அப்பா இருப்பார். அதனால் நீ கேட்ட வடகப் பார்சலுக்குள் இதை மடித்து வைக்கிறேன்.

எனக்குப் பொறாமை, ஜூலியன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தத் துப்பறியும் நாவலை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள், உன்னிடம் ஒரு புத்தகம், அவரிடம் ஒரு புத்தகம், வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். பிறகு எனக்கு இரண்டு நிமிடம். சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, அவ்வளவுதான். போன வாரம் அந்தக் கதையில் வரும் கர்னலின் கோட்டில் இருந்த பட்டனைப் பற்றி அப்பா சொன்னதும், நீங்க போலீசுல இருந்திருக்கணும்பா என்றாயே, அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை, எனக்கு வயிறு எரிந்தது. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைத்தேன் என்கிறாள் வேலைக்காரி, கோட்டு கருநீலம், நூலோ கறுப்பு. பகல் வெளிச்சத்தில் தைப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா, விளக்கு வெளிச்சத்தில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும், அப்படியென்றால் அவள் சொல்வது பொய். இதையா உன் அப்பா கண்டுபிடித்திருப்பார்? ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர். தட்டாஞ்சாவடி தையல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பட்டன் வைத்தவள் யார்? துப்பு உன் கண்முன்னேதான் இருந்தது, நீதான் பார்க்கவில்லை.

நான்கு மாதமாக அவருக்கு எழுத்து தெரியவில்லை, கண்புரை. பயப்படாதே, அடுத்த மாதம் கோரிமேடு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஜெபமாலை முடிந்ததும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், நான் சொல்வதைத்தான் உன்னிடம் ஒப்பிக்கிறார். படிக்க முடியலன்னு தெரிஞ்சா புள்ள ஞாயித்துக்கெழம பேசறத நிறுத்திடுவான்டி என்று சொல்லி, உன்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறியதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

முதலில் கடுப்போடுதான் வாசித்தேன், இப்போது விட முடியவில்லை. பனி கொட்டி வழி அடைத்த பங்களா, உள்ளே எட்டுப் பேர், கொன்றது அவர்களில் ஒருவர், வெளியாள் கிடையாது, எழுதியவர் நமக்கு எதையும் ஒளிக்கவும் இல்லை. உன் அத்தை கல்யாணத்தில் காணாமல் போன என் சங்கிலியை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, அங்கேயும் வெளியாள் கிடையாது. இந்த மாதிரிப் புத்தகத்திலாவது கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, நீதான் என்று ஒருவர் சொல்லிவிடுவாராம், உன் அப்பா சொன்னார். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வடகத்தை டப்பாவில் இறுக்கி மூடி வை. காதை மூடாமல் வெளியே போகாதே. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்க மாட்டார். ஒன்றை மட்டும் மறக்காதே. கொன்றது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கடைசி அத்தியாயம் வருவதற்குள் அப்பா உன்னிடம் பெயரைச் சொல்வார். உடனே பாராட்டிவிடாதே. எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க என்று கேள். பெயரை மட்டும்தான் அவரிடம் சொல்லப் போகிறேன், காரணத்தைச் சொல்ல மாட்டேன். போனை அவர் என்னிடம்தான் நீட்ட வேண்டும்.

உன் அம்மா,
ஆனந்தமேரி