பாவாயியிடம் சொல்லாமல் விட்டது

மார்கழி 4, ஞாயிறு

நல்ல பனி. எட்டு மணி வரை எதிர் வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. முன்னறைத் தபால் ஆபீஸ் இன்று கிடையாது. எருமைக்குத் தவிடு கரைத்து வைத்தேன். கஞ்சி வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. பா. இரண்டு வாய் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றாள்.

பா. என்றே எழுதுகிறேன். பாவாயி என்று முழுசாக எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. என் சம்சாரம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பிள்ளை இல்லை.

ஐப்பசியில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றில் கட்டி. டாக்டரம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, அறுத்துப் பிரயோஜனமில்லை, வீட்டில் வைத்து ஆசைப்பட்டதைக் கொடுங்கள், தைப் பொங்கல் தாண்டுவது சந்தேகம் என்றாள். உங்கள் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள், அவர் விவரமான பெண், கேட்பார் என்றாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதன்பின் பா.விடம் நான் சொன்னவை:
குடல் புண். காரம் நிறுத்தினால் ஆறும்.
இளைப்பு மருந்தின் உஷ்ணத்தால்.
தை பிறந்ததும் மறுபடி காட்ட வேண்டும், அப்போது மருந்தை மாற்றுவார்கள்.
பங்குனியில் திருச்செங்கோடு மலைக்குப் போகலாம், நடந்தே ஏறலாம்.

கடைசியது எனக்கே அதிகப்படி என்று தோன்றியது. அவள் ஆகட்டுங்க என்றாள்.

மத்தியானம் வண்டிக்காரர் ஒருவர் கார்டு கொண்டுவந்தார். படித்துக் காட்ட வேண்டும். கருமாதிக் கடிதம், அவர் மாமியார். வழக்கப்படி வீட்டுக்குள் படிக்காமல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மெதுவாக, பதமாகச் சொன்னேன். அழுதார். கார்டைக் கிழித்துப் போட்டார். போகும்போது, "போஸ்ட்மாஸ்டர் சொன்னீங்கன்னா மனசு தாங்குதுங்க" என்றார்.

ஊராருக்கெல்லாம் சாவு சொல்லத் தெரிகிறது. வீட்டுக்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மார்கழி 5, திங்கள்

தபால் பை பத்து மணிக்கு வந்தது. பதினேழு கார்டு, நான்கு கவர். முத்திரை மை காய்ந்துவிட்டது, கேட்டு எழுத வேண்டும்.

பா. முத்துவைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவள் தம்பி, கெங்கவல்லியில் இருக்கிறான். மூன்று வயதில் தாயை இழந்த பிள்ளை, இவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். ஆறு வருஷமாய் அந்தப் பக்கம் போக்குவரத்து இல்லை. காரணம் நான்.

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். முத்துவின் கல்யாணத்தில் முதல் பந்தியில் எனக்கு இலை போடவில்லை. கூட்ட நெரிசல், எவனோ கவனிக்கவில்லை. அக்காள் புருஷன் நான், இரண்டாம் பந்தியில் உட்காருவதா? எழுந்து வந்துவிட்டேன். பா.வும் ஈரக்கையோடு பின்னால் வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. ஒரு வாழையிலைக்காக.

அதோடு போகவில்லை. ஆஸ்பத்திரிச் சேதி யார் மூலமோ தெரிந்து, கார்த்திகையில் முத்து ஒரு கார்டு போட்டான், அக்காவைப் பார்க்க வரலாமா என்று. தபால் என் கைக்குத்தானே முதலில் வருகிறது. சாதாரண வயிற்றுவலி, குணமாகி வருகிறது, வர வேண்டிய அவசியமில்லை என்று அன்றைய பையிலேயே பதில் போட்டேன். பா.விடம் காட்டவில்லை.

இன்று, "முத்துக்குப் பொறந்த புள்ள நடக்குமாட்ட இருக்குது இன்னேரம்" என்றாள். நான் எருமையை அவிழ்க்க வேண்டும் என்று வெளியே வந்துவிட்டேன். எருமை கட்டுத்தறியில் சும்மா அசைபோட்டுக்கொண்டு நின்றது.

மார்கழி 7, புதன்

வலி அதிகம். கம்பவுண்டர் வந்து அபின் கலந்த மருந்து கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அடங்கியது.

பக்கத்து வீட்டு நல்லம்மாதான் குளிப்பாட்டுகிறாள், துணி மாற்றுகிறாள். முகம் சுளித்து ஒரு நாள் பார்த்ததில்லை. என்னால் நிற்கவே முடிவதில்லை, அந்த வாடை. சீ, என்ன மனுஷன் நான்.

சாயங்காலம் பா. தெளிவாக இருந்தாள். "ஏனுங்க, தைக்கு அப்புறம் இந்த எருமைய நல்லம்மாகிட்டக் குடுத்தரலாமுங்களா? உங்களுக்குக் கறக்கத் தெரியாது" என்றாள். ஏன் கொடுக்க வேண்டும், நீயே எழுந்து கறப்பாய் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளாகவே பேச்செடுத்தாள். நான்தான் மூடினேன். எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

நல்லம்மாவிடம் கேட்டேன், சொல்லிவிடலாமா என்று. வாயில் வைக்கவே கூடாது, சொன்னால் சொன்ன நாளிலேயே ஆள் ஒடுங்கிவிடும் என்றாள். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. அவளைக் கேட்டதே அதற்காகத்தான் போலிருக்கிறது.

மார்கழி 8, வியாழன்

கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, இனி நாள் கணக்குத்தான், பார்க்க வேண்டியவர்களை வரவழையுங்கள் என்றார்.

பார்க்க வேண்டியவன் ஒருவன்தான்.

கார்டு போட்டால் கெங்கவல்லி போய்ச் சேர மூன்று நாளாகும். முத்து அங்கிருந்து புறப்பட்டு வர ஒரு நாள். தாங்காது. பஸ் பிடித்துத் திருச்செங்கோடு போய்த் தந்தி கொடுத்தேன். இங்கிலீஷில், நாலே வார்த்தை: அக்காவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்கிற அர்த்தத்தில். ஆத்தூரிலிருந்து ஆள் கொண்டுபோய்ச் சேர்ப்பான். திரும்பி வரும்போது மனசு லேசாயிருந்தது. ஏதோ கடமையைச் செய்துவிட்டவனைப் போல.

பா.விடம் ஏன் போனேன் என்று சொல்லவில்லை. முத்திரை மை வாங்கப் போனேன் என்றேன்.

மார்கழி 9, வெள்ளி

முத்து வரவில்லை. பஸ் வரும்போதெல்லாம் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். கார்டு பன்னிரண்டு. ஒரு மணியார்டரை வேறு கிராமத்தில் சேர்த்துவிட்டேன், திருத்தினேன். பா. இளநீர் மட்டும்.

மார்கழி 10, சனி

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணி. தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். யார் வீட்டிலோ என்று எட்டிப் பார்த்தேன். முத்து. மேலே துண்டு இல்லை. தலையில் அடித்துக்கொண்டு வருகிறான், "என்னப் பெத்த அக்கா, எனக்குச் சொல்லாம போயிட்டியே" என்று. பின்னால் அவன் பெண்சாதி கையில் தட்டு. தட்டில் கோடிச்சேலை, மஞ்சள், பூமாலை. பிறந்த வீட்டுக் கோடி.

தந்தி! ஐயோ, இருபது வருஷமாய்த் தபால் வேலை பார்க்கிறேன். தந்திக்காரன் தெருவில் நுழைந்தாலே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாவுக்கல்லாமல் நம் ஜனங்களுக்கு யார் தந்தி கொடுக்கிறார்கள்? கெங்கவல்லியில் கவரைப் பார்த்ததுமே அழுகை தொடங்கியிருக்கிறது. கொண்டுவந்த ஆளுக்குப் படிப்பில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர், அவரும் ஊரில் இல்லை. படித்துக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு, சேலத்தில் இறங்கிக் கோடி எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்கள்.

நான் ஓடி வாயைப் பொத்துவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டான். தெருவே கூடிவிட்டது. உள்ளேயிருந்து பா.வின் குரல், மெல்லிசாக:

"முத்து, உள்ள வாடா. நான் இன்னும் சாவலை."

முத்து அப்படியே நின்றான். அவன் பெண்சாதி தட்டை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். நல்லம்மா மாலையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். நான் கதவோரம் நின்றேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

முத்து கட்டிலடியில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவினாள். நரைத்துப் போச்சேடா உனக்கு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சேலையக் காட்டு. என்ன நெறம் எடுத்தே?" என்றாள்.

யாரும் அசையவில்லை. காட்டச் சொன்னால் காட்டுங்களேன் என்று அதட்டினாள். அரக்கு நிறம், மஞ்சள் கரை. விரலால் கரையைப் பிடித்து நிரடிப் பார்த்தாள். "அரக்குதான் எனக்கு எடுப்பா இருக்கும்னு நெனப்பு வெச்சிருக்கறான் பாரு" என்றாள். சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மார்கழி 11, ஞாயிறு

முத்து கட்டிலை விட்டு நகரவில்லை. அவனே கஞ்சி புகட்டுகிறான், அவனே துடைக்கிறான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதுமில்லை.

ஆபீஸ் அறையில் மணியார்டர் பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள். எல்லாம் கேட்டது.

முத்து: "பயமா இருக்குதாக்கா?"

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். இப்படியும் கேட்பார்களா ஒருவரை?

பா.: "இருக்குதுடா. வலியக்கூடப் பொறுத்துக்கலாம். கண்ண மூடுனா தெறக்காம போயிருமோன்னு, அதுதான். ரெண்டு மாசமா அதே நெனப்பு."

ரெண்டு மாசம். ஆஸ்பத்திரி ஆயாவிடம் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். மாமாகிட்டச் சொல்லலியா என்று அவன் கேட்டான்.

"அவரு தாங்க மாட்டாரு. பாவம், தெனம் ஒரு பொய் யோசிச்சுச் சொல்றாரு. நம்பாட்டி மனசு ஒடிஞ்சு போயிருவாரு."

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்றேன். இரண்டு மாதமாய் ஒரே அறையில் நாலடி தள்ளிப் படுத்திருக்கிறேன். அவள் பயந்துகொண்டு படுத்திருந்தாள். நான் பங்குனியில் மலை ஏறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் முத்துவிடம் சொன்னவை, நான் கேட்ட வரை:
எருமை நல்லம்மாவுக்கு.
தோடு அவன் பெண்சாதிக்கு, இப்போதே.
மாமாவுக்கு ரசம் வைக்கத் தெரியாது, நல்லம்மா சொல்லிக் கொடுக்கட்டும்.
எடுக்கும் நேரத்தில் பந்தி, முறை என்று யாரும் சண்டை போடக் கூடாது.

சாயங்காலம் கோடியைக் கட்டிவிடச் சொன்னாள். நல்லம்மா பதறிப்போய், உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி கட்டுவதா, கேட்டாலே பாவம் என்று மறுத்தாள். "அப்புறம் கட்டுனா நான் பாக்க முடியுமா" என்றாள் பா. கடைசியில் முத்துவின் பெண்சாதிதான் கட்டிவிட்டாள். கண்ணாடி கேட்டாள். கொடுத்தது நான். அதுவரை என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

மார்கழி 12, திங்கள்

பனி குறைவு. பை தாமதம்.

காலையிலிருந்து ஒத்திகை. எழுதியே பார்த்தேன்: 'பாவாயி, எனக்கும் தெரியும். உன்னிடம் மறைத்தது என் கோழைத்தனம். முத்து கார்டு போட்டதையும் மறைத்தேன். மன்னித்துவிடு. பயமாயிருந்தால் என்னிடம் சொல்லு.' ஐந்து வாக்கியம். மனப்பாடம்.

மத்தியானம் முத்து குளிக்கப் போனான். உள்ளே போய்க் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தேன். அந்த அரக்குச் சேலையில் இருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. ஆனாலும் கல்யாணத்தன்று பார்த்த முகம் அதில் எங்கேயோ இருந்தது. கையைப் பிடித்தேன். என்னைப் பார்த்தாள். என்னமோ சொல்ல வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புருவத்தைக்கூடச் சற்று உயர்த்தினாள், சொல்லுங்கள் என்பதுபோல.

நான் சொன்னது: "பொங்கலுக்கும் இதே சேலையைக் கட்டிக்கலாம்."

என் வாய்தான் சொன்னது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. அலுப்பு. என் கையை மட்டும் விடவில்லை. நாளைக் காலை கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

மார்கழி 13, செவ்வாய்

காலை எட்டே காலுக்கு.

முத்து மடியில் தலை. நான் கால்மாட்டில்.

மார்கழி 15, வியாழன்

நேற்று எல்லாம் முடிந்தது. முறை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே கோடியோடு எடுத்தோம். ஆபீஸ் பூட்டியிருக்கிறது. தபால் கேட்டு நாலைந்து பேர் வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

முத்துவிடம் கார்த்திகைக் கார்டைப் பற்றி ஒப்புக்கொண்டேன். "அப்பவே வந்திருந்தா அவுங்க நடமாட்டமா இருந்திருப்பாங்க மாமா. எம் புள்ளயத் தூக்கியிருப்பாங்க" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சோறு போட்டு இலை முன்னால் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: கடைசியாய் உங்களிடம் என்ன சொன்னார்கள்? பேச்சில்லை, நினைவு தப்பிவிட்டது என்று சொல்லி அனுப்புகிறேன். அதுவும் பொய்.

நினைவு இருந்தது. செவ்வாய் விடிந்ததும் அந்த ஐந்து வாக்கியத்தோடு போனேன். முத்து விறகெடுக்கப் போயிருந்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தாள். ராத்திரி முழுக்க அவனிடம் பயமாயிருக்கிறது, கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாளாம். நான் குனிந்து, பாவாயி என்றேன். அடுத்த வார்த்தைக்கு நான் தடுமாறுவதைப் பார்த்தாள். இழுக்கிற மூச்சைச் சேர்த்துப் பிடித்து, எனக்காக முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னாள்:

"இன்னிக்குக் கொஞ்சம் தேவலைங்க."